ஏழு இருபதுக்கு மூன்று மிடறு

என் கணவர் ராஜகோபாலனின் தொண்டையில் ஒட்டியிருந்த பட்டை சொன்னது சரி. என் நோட்டு சொன்னது தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவள் தன் நோட்டில் தானே சிவப்பு மையால் கோடு போடுவது லேசான காரியம் இல்லை. போட்டுவிட்டேன்.

மார்கழி முடிந்து, வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்திரை வீதியில் மறுபடி கை வீசி நடக்க இடம் கிடைத்த வாரம் அது. அவர் குளித்துவிட்டு வந்து திருமண் இட்டுக்கொள்ள உட்கார்ந்தார். வலது கை எழும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்து என்னவோ சொன்னார். அது சொல்லாக வரவில்லை. தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு. வலக் கையும் வலக் காலும் போயின. பேச்சு போனது. 'ஆமா' என்ற ஒரே சொல் மிஞ்சியது. வேண்டும் என்பதற்கும் ஆமா, வேண்டாம் என்பதற்கும் ஆமா.

அதோடு, போகக்கூடியது என்று நான் நினைத்தே பார்க்காத ஒன்றும் போனது. விழுங்குவது. வாயில் போட்டது வயிற்றுக்குப் போகும் என்றுதான் அறுபது வருஷம் இருந்தேன். தொண்டையில் வழி இரண்டாகப் பிரிகிறதாம், ஒன்று சோற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. விழுங்கும்போது ஒரு சின்ன மூடி விழுந்து மூச்சு வழியை அடைக்க வேண்டும். அவருக்கு அந்த மூடி தாமதமாக விழுந்தது. அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டு, அதில் கஞ்சியை ஊற்றினார்கள். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் தயிர்சாத டப்பாவோடு போய்வந்த மனுஷர், தனக்கு ஊற்றுவதைத் தானே வேடிக்கை பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மூன்று வாரம் கழித்துக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். வீட்டில் பதினான்கு நாள் பார்ப்போம். வாய்வழி கொடுக்கிற கொஞ்சம் ஆகாரம் ஒழுங்காக இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம். இறங்காவிட்டால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைத்துவிடலாம்.

சரி என்றேன். அப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் சரிதான். மகன் கேஷவ் புனேயிலிருந்து வந்து பத்து நாள் இருந்து, அழுது, திரும்பிப் போனான். நான் அழவில்லை. காபி சுட்டதும் தெரியவில்லை, ஆறியதும் தெரியவில்லை. அவருக்கு வலது பக்கம் மட்டும்தான் மரத்திருந்தது. எனக்கு இரண்டு பக்கமும்.

அந்தப் பதினான்கு நாளுக்காகத்தான் பட்டை வந்தது. கொண்டுவந்தவள் பெலிண்டா. பேச்சுக்கும் விழுங்கலுக்கும் சிகிச்சை கொடுப்பவள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்பார்கள். பாலக்கரையில் வீடு. ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி வருவாள். முப்பது வயதுகூட இருக்காது. நான் எவ்வளவு சிடுசிடுத்தாலும் அவள் சிரித்த முகமாகவே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பட்டை இரண்டு விரல் அகலம், தோல் நிறம், உள்ளே சென்சார். தொண்டை ஏறி இறங்குவதையும், விழுங்கும் சத்தத்தையும், அதற்கு முன்னும் பின்னும் மூச்சு எப்படிப் போகிறது என்பதையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். பார்த்ததை என் போன் வழியாக பெலிண்டாவின் லேப்டாப்புக்கு அனுப்பும். நல்ல விழுங்கலுக்குப் பச்சைக் கோடு, மூச்சு வழியில் போயிருக்கலாம் என்றால் சிவப்பு. ஆஸ்பத்திரியில் அதைச் சோதனைக்காகத்தான் சில பேருக்கு ஒட்டியிருந்தார்கள்.

"இருமினா நமக்கே தெரிஞ்சிடும்மா" என்றாள் பெலிண்டா. "சாருக்கு இருமலே வரல. உள்ள தப்பாப் போனாலும் தொண்டைக்கு உறைக்கல. அதனாலதான் இது. நேரா உக்கார வெச்சுக் குடுங்க. தாடை நெஞ்சைப் பாக்கணும், அண்ணாந்துடவே கூடாது. தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம். பாத்தா தண்ணிதான் ஈஸின்னு தோணும். ஆனா அதுதான் ஓடிடும், மூடி விழறதுக்குள்ள உள்ள போயிடும். எதுவானாலும் இந்தப் பவுடரைப் போட்டுத் தேன் மாதிரி ஆக்கிடுங்க. குடுக்கறப்போ போன்ல பட்டனை அமுக்கிடுங்க."

"நோட்டும் போட்டுக்கறேன்" என்றேன்.

"பட்டனே போதும்மா."

"எனக்குப் போறாது."

நூறு பக்க நோட்டில் கட்டம் போட்டேன். நேரம், என்ன, எத்தனை ஸ்பூன், இருமல். எட்டரைக்குக் கேழ்வரகுக் கூழ் ஐந்து ஸ்பூன். ஒரு மணிக்கு மசித்த வாழைப்பழம். சாயங்காலம் மறுபடி கூழ். வேறு யார் கையையும் நம்பவில்லை. ஒரு வேளை தப்பவில்லை, ஒரு ஸ்பூன் கூடவில்லை. என் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒழுங்கு முழுவதும் அந்த நோட்டில்தான் இருந்தது.

நோட்டில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆத்துப் பெருமாளுக்குத் தினப்படி பூஜையான திருவாராதனம் அவர் கையால் நடந்துவந்தது. அவர் படுத்துவிட்டார் என்று பெருமாளைப் பட்டினி போட முடியுமா? இரண்டு வீடு தள்ளி இருக்கும் அவருடைய தம்பி ஸ்ரீரங்கராஜன் தினமும் ஆறரைக்குக் குளித்துவிட்டு வந்து பண்ணினார். சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம், துளசி, தளிகை சமர்ப்பிக்கும்போது மணி. முடிந்ததும் பெருமாள் தீர்த்தம். ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் மணக்கும் அந்தத் தீர்த்தம் முதலில் அண்ணாவுக்குத்தான்.

வலது கையைக் குழித்து வாங்கி உறிஞ்சுவதுதான் முறை. அவருக்கு வலது கை எழும்பாது. இடது கையில் வாங்கக் கூடாது. அதனால் வாயில் விட்டோம். தீர்த்தக் கரண்டியான உத்தரணி உதட்டில் பட்டால் எச்சிலாகிவிடும், பெருமாள் தீர்த்த வட்டிலுக்குத் திரும்பிப் போக முடியாது. அதனால் ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டோம். அவர் தலையை அண்ணாந்து பிடித்துக்கொண்டவள் நான். மூன்று முறை. இருமல் கிடையாது. கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாளில் அவர் முகம் பழைய முகமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஏன் எழுதவில்லை என்று இன்றைக்குக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எழுதத் தோன்றவே இல்லை. திருமண் இட்டதை எழுதினேனா? சேவித்ததை எழுதினேனா? அந்த மாதிரிதான்.

ஐந்தாம் நாள் பெலிண்டா போன் பண்ணினாள்.

"அம்மா, காலையில ஏழு இருபது வாக்குல சாருக்கு வாயில ஏதாவது குடுக்கறீங்களா?"

"இல்லையே. முதல் வேளை எட்டரை. நோட்டுல இருக்கு."

"பட்டனும் அமுக்கல. ஆனா அஞ்சு நாளும் அதே நேரத்துக்கு மூணு விழுங்கல் காட்டுதும்மா. மூணும் சிவப்பு."

"எச்சிலா இருக்கும்."

"எச்சில் டைம் பாத்து வருமாம்மா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அப்போ நான் பொய் சொல்றேங்கறயா? உன் மிஷினை முதல்ல சரி பண்ணிண்டு வா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று போனை வைத்தேன். அந்தப் பழமொழியை யாருக்குச் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவளே வந்தாள். பழைய பட்டையை எடுத்துப் புதியது ஒட்டினாள். கோபமே இல்லை. தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோச்சுக்காதீங்கம்மா. ஏழு இருபதுக்கு வீட்ல என்னதான் நடக்கும், சும்மா சொல்லுங்களேன்."

"பெருமாள் ஆராதனம் நடக்கும். மணி அடிப்போம்."

"மணியா?" அவள் முகம் மலர்ந்தது. "இதுக்குள்ள குட்டி மைக் இருக்கும்மா. கொஞ்சம் அடிச்சுக் காட்டுங்க."

அகாலத்தில் அடிக்கக் கூடாதுதான். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடித்தேன். திரையில் கோடு துள்ளியது. எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம், வீட்டுப்பாடக் கணக்கில் விடை வந்துவிட்ட மாதிரி. தப்பான வழியில் போனாலும் சில சமயம் விடை மாதிரி ஒன்று வரும். அப்படி வந்த பெண்களை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அன்றைக்கு என்னை ஏற்ற யாரும் இல்லை. ஏழு இருபதுக்கு நேராக 'மணிச் சத்தம்' என்று பெலிண்டா குறித்துக்கொண்டாள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே போனது. மற்ற வேளைகளில் பச்சைக் கோடு கூடிக்கொண்டே வந்தது. "இப்படியே போனா பதினாலாம் நாள் குழாயை எடுத்துடலாம்மா" என்றாள். அன்று நான் வடுமாங்காய் ஜாடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, மூடி வைத்தேன். தயிர்சாதத்தை நன்றாக மசித்தால் கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்கக்கூடச் செய்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நாங்கள் புளுகவில்லை, அதனாலோ என்னவோ ஐந்தே நாளில் உடைந்தது. பதினோராம் நாள் காலை அவர் உடம்பு கொதித்தது. மூச்சு இரைத்தது. இருமல் மட்டும் இல்லை. ஆம்புலன்சில் பாலம் தாண்டும்போது காவிரியில் தண்ணீர் இருந்ததா மணல் இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஆகாரமோ தண்ணியோ உள்ள போயிருக்கு" என்றார் டாக்டர். "இனி வாய் வழியா எதுவும் வேண்டாங்க. காய்ச்சல் விட்டதும் வயித்துல குழாய் வெச்சுடலாம்."

சரி என்றேன். கேஷவுக்குப் போன் பண்ணி, சரி என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவன் எதிர்முனையில் என்னென்னவோ கேட்டான். நான் வராந்தாவில் ஓர் ஆள் தரை துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மூலையை விட்டுவிட்டார். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்பது ஒன்றுதான் அப்போது என் மனசில் ஓடியது.

வார்டில் மூன்றாம் நாள். காய்ச்சல் இறங்கியிருந்தது, தலைமாட்டை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பெலிண்டா டியூட்டிக்கு முன்னால், காலை ஏழு மணிக்கே வந்தாள். என் நோட்டையும் அவள் லேப்டாப்பையும் கட்டிலின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கூழ் எல்லாம் பச்சைம்மா. வாழைப்பழமும் பச்சை. தப்பா எதுவுமே போகலையே, அப்புறம் எப்படி நிமோனியா வரும்? நல்லா யோசிச்சுப் பாருங்க. மாத்திரைக்கு, வாய் கொப்பளிக்க, ஏதாவது. ஒரு சொட்டு தண்ணி?"

"ஒரு சொட்டு கிடையாது" என்றேன். "வேணும்னா சத்தியம் பண்றேன்."

பண்ணியிருப்பேன். பெருமாள் மேலேயே பண்ணியிருப்பேன்.

அப்போது பக்கத்துப் படுக்கைக்காரரின் போன் அடித்தது. கோயில் மணி ரிங்டோன். கணகணவென்று அது அடிக்க அடிக்க, என் கணவர் கண் விழித்தார். இடது கையை நீட்டி, செத்த மாதிரி கிடந்த வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க மடியில் வைத்தார். தலையைப் பின்னால் சாய்த்தார். வாயைத் திறந்தார்.

பெலிண்டா அவரையே பார்த்தாள். "சார் என்னம்மா கேக்கறாரு?"

"தீர்த்தம். பெருமாள் தீர்த்தம். தினமும் காலம்பற..."

அதற்கு மேல் வாய் சொல்லவில்லை. மீதியைக் கை சொன்னது. என் வலது கை தானாகப் போய் அவர் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். கையை எடுக்க எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை ஸ்பூன்மா?"

"மூணு உத்தரணி."

"பவுடர் போட்டா?"

"பெருமாள் தீர்த்தத்துலயா?" என்றேன் கோபமாக. அந்தக் கோபம் பாதியிலேயே நின்றுபோனது.

"நான் மணின்னு எழுதிட்டேம்மா" என்றாள். அவள் கண் நிரம்பிவிட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் அழுவதைப் பார்க்க எரிச்சலாக மட்டும் இருந்தது, என் பங்கையும் சேர்த்து இவள் அழுகிறாளே என்று. நோட்டை வாங்கி, பதினோரு நாளுக்கும் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டேன்.

அழுதாலும் அவள் சும்மா இருக்கவில்லை. அந்த மூன்று மிடறைத் தவிர மற்றதெல்லாம் பச்சை என்று டாக்டரிடம் வாதாடினாள். கடைசியில் அவர் இறங்கிவந்தார். வீட்டில் இன்னும் ஏழு நாள். ஏழு நாளும் பச்சையாக இருந்தால் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வாய்வழி ஆகாரம். ஒரு சிவப்பு விழுந்தாலும் வயிற்றில் துளை. கோடுகளை நானே பார்க்கும்படி பெலிண்டா என் போனில் திறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த சாயங்காலம் ஸ்ரீரங்கராஜனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"பெருமாள் தீர்த்தம் ஒருத்தருக்குக் கெடுதல் பண்ணுமா மன்னி?"

"பெருமாள் பண்ணலை. நாம பண்ணினோம். நீங்க விட்டேள், நான் பிடிச்சுண்டேன்."

"அப்போ அண்ணாவுக்குத் தீர்த்தமே கிடையாதா?"

பெலிண்டாவிடம் கேட்டிருந்தேன். பவுடரைக் கலந்து, தாடையைக் குனியவைத்து, ஸ்பூனால் கொடுக்கலாம் என்றாள். "உங்க வழக்கத்துக்கு ஒத்துக்குமான்னு எனக்குத் தெரியலம்மா" என்றும் சொன்னாள். ஒத்துக்கொள்ளாது என்று ஸ்ரீரங்கராஜன் முகத்திலேயே எழுதியிருந்தது. இருந்தாலும் மறுநாள் காலை அவர் ஒரு சின்னக் கிண்ணத்தில் தீர்த்தத்தை விட்டுக் கொடுத்தார். கலக்கினேன். வடித்த கஞ்சி மாதிரி கொழகொழவென்று ஆனது. ஸ்பூனை உதட்டில் வைத்து ஊட்டினேன். நாக்கில் பட்டதும் என் கணவர் என்னைப் பார்த்தார். கேழ்வரகுக் கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டவர் இதை நாக்கால் வெளியே தள்ளினார். மோவாயில் வழிந்தது. கீழே சிந்திக் கால் படக் கூடாது என்று கையில் ஏந்தி என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பட்டை ஒன்றும் காட்டவில்லை. விழுங்கினால்தானே காட்டும்.

அது முதல் நாள். இன்று இரண்டாம் நாள்.

காலையில் மணி அடித்தது. அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணாந்தார். வாய் திறந்தது. ஸ்ரீரங்கராஜன் உத்தரணியோடு நின்று என்னைப் பார்த்தார்.

"கையில விடுங்கோ" என்றேன்.

வலது உள்ளங்கையில் மூன்று முறை விட்டார். அந்தக் கைக்கு ஈரம் தெரியாது. நான் அதை எடுத்து அவர் கண்களில் ஒற்றி, தலையில் தடவினேன். அப்படிச் செய்வதும் உண்டுதான். குறை ஒன்றும் இல்லை. ஏலக்காயும் கற்பூரமும் மணத்தன. அவர் வாயை மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"அவ்வளவுதான். ஆயிடுத்து" என்றேன்.

"ஆமா" என்றார். மறுபடி வாயைத் திறந்தார்.

பின்னந்தலையில் ஒரு கையும் மோவாயில் ஒரு கையும் வைத்து, தலையைக் குனியவைத்து, அவர் வாயை மூடினேன். அவர் எதிர்க்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான். இத்தனை நாளில் முதல் தடவையாக எனக்கு ஒன்று உறைத்தது, அது இந்தப் பார்வையாக இருந்தது.

அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வெறும் எச்சில். போனில் பச்சைக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பெலிண்டாவிடமிருந்து மெசேஜ் வந்தது: 'ஏழு இருபது க்ளீன்மா! சூப்பர்!'

நோட்டை எடுத்துக் கட்டத்தில் எழுதினேன். 7.20. பெருமாள் தீர்த்தம். கையில் மூன்று. வாயில் இல்லை. இருமல் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

இன்னும் ஐந்து காலை இருக்கிறது. ஐந்திலும் அவர் திறப்பார். நான்தான் மூட வேண்டும்.